தேனிலவுக்கு நடுவே ஒரு சீட்டு மேசை

லாஸ் வேகாஸில் திருமண உரிமம் தரும் அரசு அலுவலகம் காலை 8 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு 12 மணிக்குத்தான் மூடும். ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று எந்த நாளும் விடுமுறை கிடையாது. அடையாள அட்டையும் 102 டாலரும் இருந்தால் போதும். ரத்தப் பரிசோதனை வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். உரிமத்தை வாங்கி, பக்கத்துச் சிற்றாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டு, அதே கல்யாண உடுப்போடு ரூலெட் மேசை முன்னால் போய் நிற்கலாம். அப்படி நிற்கும் ஜோடிகளை அந்த ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சிக்கல் மறுநாள் ஆரம்பிக்கிறது. ஒருவருக்குச் சீட்டு என்றால் உயிர். மற்றவருக்கு அதில் ஒன்றும் புரியாது. பிளாக்ஜாக் மேசையில் உட்கார்ந்தவர் "இன்னும் பத்து நிமிஷம்மா" என்கிறார். பின்னால் நிற்பவருக்கு உட்கார நாற்காலிகூட இல்லை, ஏனென்றால் அந்த நாற்காலிகள் ஆடுபவர்களுக்கு மட்டும். மணப்பெண்ணுக்கு வயது இருபது என்றால் நிலைமை இன்னும் மோசம். நெவாடா மாநிலத்தில் 18 வயதில் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் 21 ஆகாதவர் சூதாடக் கூடாது. ஆட்டக் கூடத்தைக் கடந்து போகலாமே தவிர, அங்கே நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது.

இந்த மாநிலத்தின் சட்டங்களே ஒரு தினுசு. 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் ஃபிரெட் பால்சர் இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று சூதாட்டத்தை அனுமதித்தது. மற்றது, ஆறு வாரம் மாநிலத்தில் தங்கியிருந்தாலே விவாகரத்து கேட்கலாம் என்றது. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல் என்று சரித்திரக்காரர்கள் சொல்லலாம். சீட்டுக்காரர்களின் மனைவிமார் ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம்.

இப்படிப்பட்ட பயணத்துக்குக் கிளம்பும் தம்பதிகள் பொதுவாகப் பணத்துக்குத்தான் வரம்பு வைக்கிறார்கள். "ஐந்நூறு டாலர் போனால் எழுந்துவிடுவேன்" என்பது வாக்குறுதி. ஆனால் கேசினோ போடும் கணக்கில் முக்கியமான இலக்கம் நேரம். ஒருவர் சராசரியாக எவ்வளவு கட்டுகிறார், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், ஒவ்வொரு பந்தயத்திலும் கேசினோவுக்குச் சேரும் பங்கு எவ்வளவு: இந்த நான்கையும் பெருக்கித்தான் அவரால் வரக்கூடிய வருமானத்தை மதிப்பிடுகிறார்கள். இலவசச் சாப்பாடும் அறைச் சலுகையும் அந்த மதிப்பிலிருந்து திருப்பித் தரும் ஒரு துண்டுதான்.

பிளாக்ஜாக்கையே எடுத்துக்கொள்ளலாம். 10 டாலர் கட்டி, முதல் இரண்டு சீட்டிலேயே 21 சேர்ந்து பிளாக்ஜாக் விழுந்தால் 15 டாலர் தருவது பழைய வழக்கம். வேகாஸின் பல மேசைகளில் இப்போது 12 டாலர்தான். அந்த மேசையில் 15 டாலர் வீதம் மணிக்கு எழுபது ஆட்டம் ஆடினால் 1,050 டாலர் கை மாறுகிறது. ஓரளவு தெரிந்து ஆடுபவருக்கும் அதில் ஏறக்குறைய இரண்டு சதவீதம், அதாவது மணிக்கு 21 டாலர், சராசரியாகக் கரையும். மூன்று பூஜ்யம் வைத்த ரூலெட்டில் கேசினோவின் பங்கு 7.69 சதவீதம். அங்கே அதே 15 டாலரை மணிக்கு நாற்பது சுற்று வைத்தால் 46 டாலர் போகும். ஒரு மணி நேரம் ஆடினால் தாங்கக்கூடிய செலவுதான். ஆறு மணி நேரம் ஆடினால் பணமும் போகிறது, ஒரு சாயங்காலமும் போகிறது.

ஆறு மணி நேரம் ஆனதே தெரியாமல் இருப்பதற்கு அந்தக் கட்டடங்களும் காரணம். கேசினோ வடிவமைப்பில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த பில் ஃப்ரீட்மன் தாழ்ந்த கூரை, வளைந்து வளைந்து போகும் பாதை, எங்கு திரும்பினாலும் இயந்திரம் என்று சொல்லிக்கொடுத்தார். அவரே ஒரு காலத்தில் சூதாட்டத்துக்கு அடிமையாக இருந்தவர் என்பதால் எது கட்டிப்போடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேகாஸின் ஸ்லாட் மெஷின் ஆட்டக்காரர்களோடு பல ஆண்டுகள் பழகி ஆய்வு செய்த மானுடவியலாளர் நடாஷா டவ் ஷுல் 2012இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார்: முற்றிய ஆட்டக்காரர் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை, நேரமும் இடமும் சுற்றியுள்ள மனிதர்களும் மறைந்துபோகும் அந்த நிலையிலேயே நீடிப்பதற்காக ஆடுகிறார். அந்த நிலையில் இருப்பவரின் தோளைத் தொட்டு "சாப்பிடப் போகலாமா?" என்று கேட்பது புது மனைவியாகவே இருந்தாலும், அவருக்கு அது இடைஞ்சல்.

புதுமணத் தம்பதியின் சூதாட்டப் பயணங்களில் நாள்வாரியாக நமக்குத் தெரியும் பயணம் தஸ்தயேவ்ஸ்கியுடையது. 1867 பிப்ரவரியில் 45 வயது எழுத்தாளர் 20 வயது சுருக்கெழுத்தாளர் அன்னாவை மணந்தார். சில வாரங்களில் இருவரும் ஐரோப்பா கிளம்பினார்கள். முதலில் அவர் மனைவியை டிரெஸ்டனில் விட்டுவிட்டு, சில நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி ஹோம்பர்க் சூதாட்ட விடுதிக்குப் போனார். திரும்பப் பத்து நாள் பிடித்தது. நடுவில் கடிதம் மேல் கடிதம். கடியாரம் அடகுக்குப் போனது, பணம் அனுப்பு என்று. தனியே போனதால்தான் தோற்றேன், அவசரம் நிதானத்தைக் கெடுத்தது என்று அவருக்கு ஒரு வாதம். எனவே அடுத்து பாடன்-பாடனுக்கு இருவருமாகவே போனார்கள். தங்கியது ஒரு கொல்லுப்பட்டறைக்கு மேலே இருந்த அறையில். கர்ப்பிணியான அன்னா அங்கே காத்திருக்க, அவர் ரூலெட்டுக்குப் போய்வந்தார். கல்யாணப் பரிசாக அவரே கொடுத்த தோடும் புரூச்சும் போயின. திருமண மோதிரங்களும் அடகு கண்டன. அன்னா சண்டை போட்டதைவிடச் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதியதே அதிகம். கூட்டிப் போனது மட்டும் துணையாகிவிடவில்லை. அறையில் இருந்தவருக்கும் மேசையில் இருந்தவருக்கும் நடுவே இருந்த தூரம் டிரெஸ்டன் தூரம்தான்.

நேர்மாறான உதாரணம் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப். 1958 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மனைவி விவியனோடு வேகாஸ் போன தார்ப், பத்து வெள்ளி டாலரோடு உட்கார்ந்து எட்டரை டாலரை இழந்து எழுந்தார். பிளாக்ஜாக்கை ஜெயிக்கும் வழியைச் சொல்லிப் பின்னாளில் புகழ்பெற்ற அவர் புத்தகத்துக்கு அந்த எட்டரை டாலர்தான் வித்து. 1961 கோடையில் அவரும் தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் ரூலெட் பந்து எங்கே விழும் என்று கணிக்கும், சிகரெட் பெட்டி அளவிலான ஒரு கணினியைச் செய்துகொண்டு போனார்கள். கால் கட்டைவிரலால் இயக்கும் விசை, காதுக்குள் சின்ன ஒலிபெருக்கி. தார்ப்பின் மனைவி விவியனும் ஷானனின் மனைவி பெட்டியும் கூட்டத்தில் நின்று, யாராவது சந்தேகப்படுகிறார்களா என்று கண்காணித்தார்கள். ஒரு முறை பக்கத்தில் இருந்த பெண்மணி தார்ப்பைப் பார்த்து மிரண்டுபோனார். காதிலிருந்து அந்தக் கருவி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது! ஆட்டத்தின் முடிவைக் கணிக்க இப்படிப்பட்ட கருவிகளைக் கேசினோவில் பயன்படுத்துவது நெவாடாவில் 1985 முதல் குற்றம், ஆகவே யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் மனைவியருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

எல்லோருக்கும் அப்படி வேலை கிடைக்காது. அப்போது நாளைப் பங்கு போடுவது நல்லது. ரெட் ராக் கேன்யனின் செம்பாறைகள் அரை மணி நேரப் பயணத்தில் வந்துவிடும், ஹூவர் அணை முக்கால் மணி நேரம். காலையை அங்கே கழித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் ஒரு நிகழ்ச்சிக்கும் முன்பே டிக்கெட் எடுத்துவைத்தால், நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரம் சீட்டுக்கு. எட்டு மணி நிகழ்ச்சிக்குக் கையில் டிக்கெட் இருந்தால் ஏழேகாலுக்கு எழுந்தே ஆக வேண்டும். வாக்குறுதியைவிட அது பலமான கயிறு. போக்கர் மட்டும் இதற்கு ஒத்துவராது. அது நீண்டுகொண்டே போகும், பக்கத்தில் நிற்பவருக்கு அதைவிடச் சலிப்பான காட்சி வேறு இல்லை.

இருவரும் சேர்ந்து ஆட ஆசையென்றால் பகடை மேசை ஏற்றது. கிராப்ஸ் என்று பெயர். எல்லோரும் நின்றுகொண்டே ஆடுவது, பெரும்பாலோர் ஒரே பக்கம் பணம் கட்டுவது, அதனால் ஒருவர் ஜெயித்தால் மேசையே கத்தும். பாஸ் லைன் என்ற அடிப்படைப் பந்தயத்தில் கேசினோவின் பங்கு 1.41 சதவீதம்தான். முதல் வீச்சில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால், 7 வருவதற்குள் அதே எண் மறுபடி விழ வேண்டும். இதைக் கற்க ஐந்து நிமிடம் போதும். வீசும் முறை சுற்றி வரும்போது புதுப்பெண்ணும் வீசலாம், மாப்பிள்ளை பகடையில் ஊதியும் விடலாம். ஒரு கையால் மட்டும் எடுக்க வேண்டும்; இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கினால் மேசைக்காரர் அதட்டுவார்.