கற்கண்டும் மாத்திரையும்

மாதேஸ்வரன் மலைக்குப் பலர் நடந்தே போகிறார்கள். களைப்புத் தெரியாமல் இருக்கச் சிலர் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டுக்கொள்வார்கள். அது மெல்லக் கரையும். வெகு தூரம் இனிக்கும். அதே எடைக்குச் சர்க்கரையைப் போட்டால் என்ன ஆகும்? உடனே கரைந்துவிடும்.

இரண்டும் இனிப்புத்தான். எடையும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கட்டியாக இருந்தால் அதன் வெளிப்பக்கத்தில் மட்டும் எச்சில் படும். பொடியாக இருந்தால் ஒவ்வொரு துணுக்கைச் சுற்றிலும் படும். அதனால் சீக்கிரம் கரைகிறது.

மாத்திரையிலும் இப்படித்தான். பல மருந்துகள் கற்கண்டைப் போலப் படிகமாக இருப்பவை. படிகம் கரைந்தால்தான் மருந்து ரத்தத்தில் சேரும்.

படிகத்தின் அளவை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

தொழிற்சாலையில் மருந்தைச் சூடான திரவத்தில் கரைத்து ஆற விடுகிறார்கள். மெதுவாக ஆறினால் பெரிய படிகங்கள் வளரும். சீக்கிரம் ஆறினால் சின்னப் படிகங்கள் நிறைய உண்டாகும். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, கொஞ்சம் மருந்துப் பொடியை விதையாகப் போடுவதும் உண்டு. அந்த விதையின் மேல் படிகம் வளரும். பிறகு தேவையான அளவுக்கு அரைக்கிறார்கள். பொடியின் அளவைச் சோதித்த பிறகே மாத்திரை செய்கிறார்கள்.

பொடியின் அளவால் நன்மை உண்டு. படர்தாமரைக்குக் கொடுக்கும் மருந்து கிரிசியோஃபுல்வின். 1960களில் அதை மிகவும் நைசாக அரைத்தார்கள். அப்போது பாதி மருந்தே முன்பு போல வேலை செய்தது.

அளவு தவறினால் ஆபத்தும் உண்டு. டிகாக்சின் என்பது இதய நோய்க்கான மருந்து. உடம்பில் அது கொஞ்சம் கூடினாலும் உயிருக்கு ஆபத்து. 1972இல் பிரிட்டனில் ஒரு கம்பெனி அதைத் தயாரிக்கும் முறையை மாற்றியது. மாத்திரை வேகமாகக் கரைந்தது. அட்டையில் எழுதிய எடை மாறவில்லை. ஆனால் ரத்தத்தில் சேர்ந்த மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது! அதன் பிறகு மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதையும் கவனமாகச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

விழுங்கச் சிரமம் என்று மாத்திரையை நாமாக இடிக்கக் கூடாது. சில மாத்திரைகள் மெதுவாகக் கரைய வேண்டும் என்றே செய்யப்பட்டவை. இடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும். டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை தந்தாலும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் செய்து பாருங்கள்: இரண்டு டம்ளர்களில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் கல்லுப்பைப் போடுங்கள். மற்றதில் அதே அளவு தூளுப்பைப் போடுங்கள். எது முதலில் கரைகிறது?