பள்ளி மாற்றும் முன் ஒரு நிமிடம்!

நன்றாகப் படிக்கும் பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்தால் போதும், 'கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா?' என்ற பேச்சு பல வீடுகளில் எழும். பீர்க்கன்கரணைப் பெற்றோர் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

படிப்பில் முந்தும் அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகத் தந்து, நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளுக்குத் தயார்செய்பவை அரசு மாதிரிப் பள்ளிகள். மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. தாம்பரம் மாநகராட்சியில் இருந்தாலும், பீர்க்கன்கரணைக்குச் செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிதான்.

அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானால், 9 முதல் 12-ம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள், மாதம் 1,500 ரூபாய்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 7.5 சதவீத இடஒதுக்கீடு. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் விரிந்தது. இதில் இடம் பெறுபவர்களின் கல்லூரி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. ஆனால், ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது பொருந்தாது. கடைசி இரண்டு வருடத்துக்காகத் தனியாருக்கு மாறினாலும் வாய்ப்பு போய்விடும்.

எனவே, மாற்றுச் சான்றிதழ் கேட்கும் முன், தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.