முழங்கால் வலியும் முதுகு வலியும்: கத்திக்கு முன்னே செய்யத் தக்கவை

இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973ஆம் ஆண்டில் கும்பாபிஷேகம் கண்ட உத்தர சுவாமிமலை, தலைநகர்த் தமிழர் அனைவருக்கும் 'மலை மந்திர்' என்னும் பெயரால் அறிமுகமானது. ஆடிக் கிருத்திகை, தைப்பூசம் போன்ற நாட்களில் அங்குச் செல்வோர் அடிவாரத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். இளையோரும் குழந்தைகளும் படியேறிச் சென்றுவிட, வயது முதிர்ந்த தாய்மார் சிலர் கீழேயே நின்று, மேலே நோக்கிக் கைகூப்பிவிட்டு நிழலில் அமர்ந்துகொள்வர். "முருகன் மேலே இருக்கிறான், என் முழங்கால் கீழே இருக்கிறது, நான் என்ன செய்வேன்?" என்று ஒரு மூதாட்டியார் சிரித்துக்கொண்டே கூறியது நம் செவியில் விழுந்தது. அச்சிரிப்புக்குப் பின்னே இருந்த வேதனை சிறிதன்று.

அவர் போன்றோர் பலர், மகன் அல்லது மகளின் உத்தியோகத்தை முன்னிட்டு ஊரை விட்டு இங்கு வந்தவர்கள். ஊரில் திண்ணையும் முற்றமும் கொண்ட வீட்டில், நாளுக்கு இருபது முறை வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தவர்கள். இங்கோ, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. பேரக் குழந்தையைப் பள்ளி வண்டியில் ஏற்ற ஒரு முறை இறங்குவதோடு சரி. அதுவும் முழங்கால் நோகத் தொடங்கியபின் நின்றுவிடுகிறது. நடை குறைகிறது, எடை கூடுகிறது, வெயில் மேனியில் படுவதே இல்லை. ஈராண்டு சென்றபின் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, "மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்று ஒருவர் சொல்கிறார். அன்றிரவு வீட்டில் ஆலோசனை நடக்கிறது. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் தொலைபேசி பறக்கிறது. சேமிப்புப் பணம் கணக்கிடப்படுகிறது. அத்தகைய இரவில் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் அந்தத் 'தேய்மானம்' என்னும் சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். அது விளைத்த தீங்கு கொஞ்சமன்று. வண்டிச் சக்கரம் ஓட ஓடத் தேய்வது போலக் காலும் நடக்க நடக்கத் தேயும் என்ற எண்ணத்தை அச்சொல் மனத்தில் விதைக்கிறது. எனவே, எஞ்சியிருப்பதையாவது காப்போம் என்று நோயாளி நடையை நிறுத்திவிடுகிறார். உண்மை இதற்கு மாறானது. மூட்டெலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டில் ஊறும் நீரே அதற்கு உணவு. கால் ஊன்றும்போது அழுந்தியும், எடுக்கும்போது விரிந்தும், நனைந்த பஞ்சைப் போல அது அந்நீரை உறிஞ்சுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. அதுமட்டுமன்று, தொடையின் முன்புறத் தசை வலுவாயிருந்தால் மூட்டின்மேல் விழும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்கிறது. நடவாதவரின் தசை சில வாரங்களிலேயே மெலியும். மெலிந்தால் வலி மிகும்; வலி மிகுந்தால் இன்னும் நடவார். இந்தச் சுழலை அறுப்பதே சிகிச்சையின் முதற்படி.

இனி, ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றைக் கூறுவோம். விடியற்காலையில் புறப்பட்டு, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, நண்பகல்வரை காத்திருந்தபின் டாக்டர் இரண்டு நிமிடம் பார்க்கிறார். "தேகாப்பியாசம் செய்யுங்கள், எடையைக் குறையுங்கள்" என்று கூறி, பயிற்சிப் படம் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் தருகிறார். ரஜா எடுத்துக்கொண்டு வந்த மகளுக்கு ஏமாற்றம்; தாயாருக்கோ கோபம். "இதற்கா இத்தனை தூரம்? ஓர் ஊசிகூடப் போடவில்லையே!" அத்தாள் வீடு வந்து சேர்வதற்குள் கசங்கிப் போகிறது. ஆயினும் அன்று கிடைத்தவற்றுள் விலையுயர்ந்த மருந்து அந்தத் தாள்தான். முழங்கால் வலிக்கு அப்பியாசத்தையும் எடைக் குறைப்பையும் முதற்சிகிச்சையாக வைப்பதில் உலகெங்கும் உள்ள மூட்டு மருத்துவர் சங்கங்கள் ஒருமித்திருக்கின்றன.

பயிற்சி கடினமானதன்று. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். சில நாட்கள் சென்றபின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தலை மேற்கொள்க. முதலில் ஐந்து முறை போதும். செய்யும்போது சிறிது வலித்தல் இயல்பே. அவ்வலி மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்திவிடலாகாது. பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே கைவிடுபவர்களே அதிகம் என்பதுதான் வருந்தத்தக்கது.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. நாளுக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பதை வாசகர் தாமே பெருக்கிக்கொள்ளலாம்.

கைத்தடியை நம்மவர் கிழத்தன்மையின் அடையாளமாகக் கருதி வெறுக்கின்றனர். கொண்டாலும் தவறான கையில் கொள்கின்றனர். வலது முழங்கால் நொந்தால் தடி இடது கையில் இருத்தல் வேண்டும். அடுத்து, தரையில் சம்மணமிட்டு உண்பதும், குந்தி அமர்ந்து காய் நறுக்குவதும், கோலமிடுவதும் நம் வழக்கம். நோகும் காலத்தில் மட்டுமேனும் இவற்றை உயரமான மணைக்கோ நாற்காலிக்கோ மாற்றிக்கொள்வதால் ஆசாரம் ஒன்றும் கெட்டுவிடாது.

மாத்திரைகளுள் டைக்ளோபினாக், ஐபூபுரோபென் போன்றவை வலியைத் தணிக்கும். ஆனால் முதியோர் அவற்றை மாதக் கணக்கில் உட்கொண்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் இரத்த அழுத்த உயர்வும் நேரலாம். அதே மருந்தைக் களிம்பாக மூட்டின்மேல் பூசுவது முழங்காலுக்கு நல்ல பயன் தருவது, அபாயமும் குறைவு. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு ஆறுதல் அளிக்கும். ஆனால் மூன்று மாதத்திற்கொரு முறை இரண்டாண்டுகள் அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட வலி குறையவில்லை என்பதோடு, குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்ததும் 2017ஆம் ஆண்டு ஆய்வில் தெரிந்தது. ஊரிலிருந்து வரும் தைலத்தைப் பூசி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் குற்றமில்லை; சுகமாகவே இருக்கும். ஆனால் பெயர் தெரியாத பொடியை உண்ட மறுநாளே வலி பறந்துவிட்டதானால் மகிழ வேண்டாம், ஐயுறுக. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

டில்லிவாசிகளுக்கென்று ஒரு தனிச் செய்தியும் உண்டு. இத்தனை வெயில் காயும் நகரில், ஆரோக்கியமாக நடமாடுவோரிடத்திலேயே வைட்டமின் 'டி' பரவலாகக் குறைந்திருப்பதை அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக் காட்டியது. இக்குறை முற்றினால் எலும்பு மென்மையுற்று, இடுப்பும் தொடையும் வலிக்கும். குந்தியிருந்து எழுவதும் படியேறுவதும் அரிதாகும். அதனை மூட்டுவாதம் என்றே பலர் எண்ணி ஏமாறுவர். இரத்தப் பரிசோதனை ஒன்றில் உண்மை தெரிந்துவிடும், சிகிச்சையும் எளிது. ஆயினும் வாரத்திற்கொன்றாக உண்ணும் 60,000 அலகு மருந்தை டாக்டர் குறித்த காலத்திற்கு மேல் தாமே நீட்டித்தல் நஞ்சாக முடியும்.

அப்படியானால் அறுவையே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. அறுவையிலும் வகை உண்டு. தேய்ந்த மூட்டுக்குள் குழாயைச் செலுத்திக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை ஒரு காலத்தில் மிகுதியாகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 180 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு அந்தச் சிகிச்சையையும், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தைப்பதையும் செய்தனர். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. இரண்டாண்டுகள் பார்த்தும் இரு சாராருக்கும் வேறுபாடே இல்லை. 2002ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மூட்டு மாற்று அறுவையோ அத்தகையதன்று. அப்பியாசம், எடைக் குறைப்பு, மருந்து அனைத்தையும் உண்மையாகச் செய்து பார்த்தபின்னும் இரவில் உறக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடமாடவும் இயலாதவர்க்கு அது பெரும் வரம். அதற்கான செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய சர்க்கார் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. பெரிதும் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வைத்த வரம்பு, வரி நீங்கலாக, ரூ. 54,720. எனவே ஆஸ்பத்திரி மதிப்பீட்டுத் தாளில் மூட்டின் விலை தனியே எவ்வளவு என்று கேட்டறிதல் நம் உரிமை. எக்ஸ்ரே படம் மட்டும் அறுவையை முடிவு செய்யலாகாது. படத்தில் மோசமாகத் தோன்றும் மூட்டுடன் நன்றாக நடப்பவர் உண்டு.

முதுகு வலியிலும் இதே கதைதான். நம் தந்தையர் காலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டால் மெத்தையின் கீழே பலகையிட்டு மூன்று வாரம் படுக்க வைத்தனர். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 203 நோயாளிகளைக்கொண்டு செய்த பரிசோதனையில், ஏழு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவரைவிட இரண்டே நாள் படுத்தவர் ஒரு குறையுமின்றி முன்னதாக வேலைக்குத் திரும்பினர். 1995இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகராட்சி ஊழியரிடையே நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: படுக்கையைவிடவும், தனிப் பயிற்சியைவிடவும், வலி பொறுக்கும் அளவில் அன்றாட வேலையைச் செய்துவந்தவர்களே விரைவில் குணமடைந்தனர். திடீரென வந்த முதுகு வலியில் பெரும்பாலானவை ஆறு வாரத்திற்குள் தணிந்துவிடும். ஜவ்வு விலகிக் கால் நரம்பில் வலி இறங்கினாலும், பலருக்கு மாதக் கணக்கில் அது தானே சுருங்குகிறது. நீடிக்கும் வலிக்கு உடனே அறுவை செய்தால் ஆறுதல் விரைவில் கிடைக்கும். ஓராண்டின் முடிவில், பொறுத்துப் பார்த்தவரும் அறுவை செய்துகொண்டவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர் என்று 2007இல் வெளியான டச்சு ஆய்வு கூறிற்று. பொறுத்தவர்களுள் ஏறக்குறைய ஐவரில் இருவர் இடையே அறுவையை நாடினர் என்பதையும் மறைக்கலாகாது.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு அஞ்சுவோர் ஒன்றை அறிய வேண்டும். முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட தொகுப்பில், இருபது வயதினருள் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினருள் 96 சதவீதத்தினருக்கும் ஜவ்வு தேய்ந்த அடையாளம் காணப்பட்டது. தலைமுடி நரைப்பதற்கு யாரும் சிகிச்சை தேடுவதில்லை.

ஆனால் காத்திருக்கலாகாத முதுகு வலியும் உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைத்துக்கொள்ளுதல், அவ்விடத்தைச் சுற்றி மரத்துப் போதல், கால் வலுவிழந்து தடுமாறுதல் ஆகியவை தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதமும் ஆகாது. முதியோர் கீழே விழுந்தபின் வரும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி, இரவில் படுத்தாலும் தணியாத வலி ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகு வலி நம் நாட்டில் முள்ளந்தண்டுக் காசநோயாக இருக்கக்கூடும்.

அக்காசநோய்க்கும் கத்தி முதலில் வர வேண்டியதில்லை என்பதை உலகுக்குக் காட்டியதில் நம் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. பனாரஸில் டாக்டர் துலி என்பவர், மருந்தை முதலில் கொடுத்து, தேவைப்பட்டவர்க்கு மட்டும் அறுவை செய்யும் 'நடுவழி' முறையின் முடிவுகளை 1975இல் வெளியிட்டார். பின்னர்ச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 304 நோயாளிகளைச் சேர்த்து, சிலருக்குப் பெரிய அறுவையும் மருந்தும், ஏனையோருக்குப் படுக்கையின்றி நடமாடியபடியே மருந்து மட்டும் கொடுத்தனர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அறுவை பெற்றோருள் 90 சதவீதத்தினரும், ஆறு மாதம் மருந்து மட்டும் உண்டோருள் 94 சதவீதத்தினரும், ஒன்பது மாதம் உண்டோருள் 99 சதவீதத்தினரும் நலமாயிருந்தனர். 1999இல் அச்சாகிய இவ்வறிக்கையைப் படிக்கும்போது நமக்கு உண்டாகும் பெருமிதத்தை வாசகர் பொறுத்தருள்வாராக. மருந்தை இடையில் நிறுத்தாதவர்க்கே இந்தப் பலன். முதுகு மிகக் கூனியவர்க்கும் கால் செயலிழந்தவர்க்கும் அறுவை வேண்டியிருக்கும்.

எலும்பு வைத்தியம் என்றால் அறுவை மேசை என்று மட்டும் எண்ணாத பெரியார் ஒருவர் நம்மிடையே இருந்தார். சென்னையில் மருத்துவம் பயின்று டில்லிக்கு வந்த டாக்டர் பாலு சங்கரன், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் எலும்பு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். நாட்டின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். கான்பூரில் செயற்கை உறுப்புகள் செய்யும் சர்க்கார் தொழிற்சாலை உருவாவதற்கும், ஒரிசாவில் ஊனமுற்றோர் மறுவாழ்வுக் கழகம் தோன்றுவதற்கும் உழைத்தார். முதிய பருவத்தில் தீஸ் ஹஜாரியை அடுத்த செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். 1972இல் பத்மஸ்ரீயும் 2007இல் பத்ம விபூஷணும் பெற்ற அவர் 2012இல் மறைந்தார். எலும்பைச் சேர்ப்பதோடு பணி முடிவதில்லை, மனிதன் எழுந்து தன் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு அவர் தொடங்கி வைத்த நிலையங்களே சான்று.

டில்லியின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எலும்புப் பிரிவை அடுத்து உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. டாக்டர் தரும் தாளோடு திரும்பிவிடாமல், அங்குச் சென்று, பயிற்சியை ஒருமுறையேனும் அவர்கள் கண்முன் செய்து காட்டித் திருத்திக்கொண்டு வருதல் நலம். உடன் செல்லும் மகனோ மருமகளோ அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்தியில் சொல்லப்படும் குறிப்புகள் ஊரிலிருந்து வந்த முதியவர்க்கு விளங்காமல் போதல் இயல்பு.

மலை மந்திர் படிகளுக்கும், லிப்ட் இல்லாத மாடிக்கும் உரிய ஒரு முறையைப் பயிற்சிச் சிகிச்சையாளர் கற்பிப்பதுண்டு. ஏறும்போது நல்ல கால் முன்னே செல்ல வேண்டும். நோகும் காலும் தடியும் பின்னே வரும். இறங்கும்போது தடியும் நோகும் காலும் முன்னே. நல்ல கால் பின்னே. ஒரு படிக்கு இரண்டு காலும் சேர்ந்தபின்னரே அடுத்த படி. கைப்பிடிக் கம்பி இருக்கும் பக்கமாகச் செல்க. பின்னால் வருவோர் அவசரப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டு நின்று, அவர்கள் சென்றபின் ஏறலாம்.