லாக் மருத்துவமனை

லாக் மருத்துவமனை என்பது பால்வினை நோயுள்ள பாலியல் தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்க ஆங்கிலேயர் ஆட்சியில் ஏற்படுத்தப்பட்ட மருத்துவமனை ஆகும். சென்னை மாகாணத்தில் பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி முதலிய படைமுகாம்களில் இவை இருந்தன. படைவீரர்களை நோயிலிருந்து காப்பதே நோக்கம்.

பெயர்க் காரணம்

பரத்தையர் விடுதிகளுக்குப் பேர்போன லண்டன் சதர்க் பகுதியில் ‘லாக்’ என்னும் தொழுநோயாளர் இல்லம் இருந்தது. 1747இல் திறக்கப்பட்ட லண்டன் லாக் மருத்துவமனை அப்பெயரைப் பெற்றது. பின்னர் அதுவே இத்தகைய மருத்துவமனைகளின் பொதுப்பெயரானது.

1868ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் (1868) இந்தக் கண்காணிப்பைச் சென்னை போன்ற நகரங்களுக்கும் கொண்டுவந்தது. பெண்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு குறித்த காலங்களில் உடற்சோதனைக்கு வரவேண்டும். நோய் கண்டால் மருத்துவமனையில் இருத்தப்பட்டனர். தவறினால் அபராதம் அல்லது சிறை. அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கு இச்சட்டத்தில் பதிவும் இல்லை, சோதனையும் இல்லை. நோய் இருபாலருக்கும் பொது; கட்டுப்பாடு பெண்ணுக்கு மட்டும். அன்று தரப்பட்ட பாதரச மருந்தும் நோயை உறுதியாகக் குணப்படுத்தவில்லை. பல பெண்கள் பதிவைத் தவிர்த்து மறைந்து வாழ்ந்தனர்.

நீக்கம்

இங்கிலாந்தில் இதையொத்த சட்டங்களை எதிர்த்து ஜோசபின் பட்லர் இயக்கம் நடத்தினார். அங்கு 1886இலும் இந்தியாவில் 1888இலும் அவை நீக்கப்பட்டன. சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் விடுதி நடத்துவதையே குற்றமாக்கியது.