கிஸ்ஸியின் வழிவந்தவர்கள்: உடலும் வம்சமும் ஏன் ஒரே கேள்வி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் கனமான விஷயம். பாலியல் வன்முறை பற்றிய பேச்சு இடையிடையே வரும். பக்கத்துல சின்னப் பிள்ளைங்க இருந்தா அப்புறமா கேளுங்க.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களோட எழுத்தைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரு பக்கம் 'என் உடம்பு என்னுடையது, என் ஆசை எனக்குக் கேவலம் இல்லை' என்று எழுதுகிறார்கள். மறுபக்கம் 'என் முன்னோர் யார், நான் எங்கிருந்து வந்தவள்' என்று கேட்கிறார்கள். ஒன்று படுக்கையறை சம்பந்தப்பட்டது, இன்னொன்று வம்சாவளி சம்பந்தப்பட்டது. ரெண்டும் ஏன் எப்பவும் சேர்ந்தே வருது?

அங்கே இது ரெண்டும் ஒரே கேள்வி. அதை ஒரே கேள்வியாக்கியது ஒரு சட்டம். அதைத்தான் இன்னைக்கு விளக்கப் போறேன்.

நமக்குத் தெரிந்த கதையிலிருந்து தொடங்குவோம்

அலெக்ஸ் ஹேலி 1976-ல் வெளியிட்ட நாவலைத் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் உங்கள்ல நிறைய பேர் படிச்சிருப்பீங்க. காம்பியாவில் பிடிபட்டு, கப்பலில் அடைக்கப்பட்டு, அமெரிக்காவில் விற்கப்பட்ட குண்டா கிண்டேயை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அவருடைய மகள் கிஸ்ஸி ஞாபகம் இருக்காளா?

கிஸ்ஸி பதின்ம வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்து விற்கப்படுகிறாள். வாங்கிய டாம் லீ அவளை வன்புணர்கிறான். பிறக்கிற மகன் ஜார்ஜ். அந்த ஜார்ஜின் வழியில்தான் மற்ற தலைமுறைகள் எல்லாம் வருகின்றன.

இப்போ எண்ணிப் பாருங்க. ஏழாவது தலைமுறையில் நிற்கிற ஹேலி தன்னைக் குண்டாவின் வாரிசு என்று சொல்கிறார். அதே கணக்கில் அவர் டாம் லீயின் வாரிசும்தான். ஆனால் நாவலின் பெருமை முழுக்க ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறது. அந்தப் பாதையில் நடுவே நிற்பவள் கிஸ்ஸி. அவளைத் தாண்டாமல் குண்டாவிடம் போகவே முடியாது.

ஹேலி கொடுத்த வம்சாவளியைப் பின்னாளில் ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டு, பல இடங்களில் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். கிஸ்ஸி கற்பனைப் பாத்திரமாகவே இருக்கட்டும். அவளுக்கு நடந்தது மட்டும் கற்பனை இல்லை. லட்சக்கணக்கான பெண்களுக்கு நடக்கக்கூடியதாக, சட்டத்தின் முழு அனுமதியோடு இருந்த விஷயம் அது.

1662: வர்ஜீனியாவின் சட்டம்

வர்ஜீனியா அப்போது இங்கிலாந்தின் காலனி. இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. எலிசபெத் கீ என்ற பெண்ணின் தந்தை ஆங்கிலேயர், தாய் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். 'என் அப்பா சுதந்திரமான ஆங்கிலேயர், அதனால் நானும் சுதந்திரமானவள்' என்று அவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1656-ல் தனக்கும் தன் மகனுக்கும் விடுதலை பெற்றார்.

ஆறு வருஷத்தில் வர்ஜீனியா சட்டமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. 1662-ல் வந்த சட்டம் சொன்னது இதுதான்: பிள்ளை அடிமையா, சுதந்திரமானதா என்பது இனி தாயின் நிலையைப் பொறுத்தது. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த கொள்கை இது. ஆடு மாடு ஈன்ற குட்டி யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பதும் இதே முறையில்தான்.

இதன் விளைவை நிதானமா யோசிச்சுப் பாருங்க. பண்ணை முதலாளி தன் அடிமைப் பெண்ணை வன்புணர்ந்தால் அவனுக்குத் தண்டனை இல்லை, பிள்ளையை வளர்க்கிற பொறுப்பு இல்லை, சொத்தில் பங்கு கொடுக்க வேண்டியதும் இல்லை. அதற்கு மேல், பிறக்கிற பிள்ளையே அவனுக்குச் சொத்து.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 1808-ல் தடை செய்தது. ஆனாலும் 1810-ல் சுமார் 12 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-ல் 40 லட்சத்தை நெருங்கியது. அந்தப் பெருக்கம் பெரும்பாலும் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளால் வந்தது. 1820-ல் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய ஒரு கடிதத்தில், பண்ணையில் மிகச்சிறந்த ஆணைவிட ரெண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிற பெண்தான் அதிக லாபம் என்று கணக்குச் சொல்கிறார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே ஜெஃபர்சன். அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸ், இறந்துபோன அவர் மனைவிக்கு ஒரே தகப்பன் வழித் தங்கை. சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தந்தை என்பதற்கு 1998-ல் வந்த டி.என்.ஏ. முடிவு பெரும் வலு சேர்த்தது.

ஆக, அந்த ஒரு சட்டம் ரெண்டு வேலை செய்தது. பெண்ணின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லாமல் ஆக்கியது. தந்தையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அழித்தது. உடலும் வம்சமும் அன்றைக்கே ஒரே முடிச்சில் கட்டப்பட்டன.

'எந்தப் பெண்ணும்' என்றால் யார்?

1855, மிசௌரி மாநிலம். சீலியா என்ற அடிமைப் பெண்ணை ராபர்ட் நியூசம் என்ற பண்ணைக்காரர் அவளுடைய பதினாலு வயது வாக்கில் விலைக்கு வாங்கினார். ஐந்து வருஷம் தொடர்ந்து வன்புணர்வு. ஒருநாள் இரவு அவள் திருப்பி அடித்தாள், அவர் செத்துப்போனார்.

அவளுக்காக வாதாடிய வக்கீல்கள் மாநிலச் சட்டத்தையே எடுத்துக் காட்டினார்கள். 'எந்தப் பெண்ணையும்' பலவந்தப்படுத்துவது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது, சீலியாவும் பெண்தானே என்றார்கள். நீதிபதி அந்த வாதத்தை ஜூரியின் முன் வைக்கவே விடவில்லை. டிசம்பர் 21-ம் தேதி சீலியா தூக்கிலிடப்பட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது.

'எந்தப் பெண்ணும்' என்கிற சொல்லுக்குள் கறுப்பினப் பெண் அடங்க மாட்டாள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பொருள்.

இந்த இடத்தில் ஹாரியட் ஜேக்கப்ஸைச் சொல்லாமல் போக முடியாது. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். தன்னைத் துரத்திய முதலாளியிடமிருந்து தப்பிக்க, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்திருந்தார். 1861-ல் வேறு பெயரில் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அதை நாவல் என்றும், பதிப்பித்த வெள்ளைக்காரப் பெண்மணிதான் எழுதினார் என்றும் நூறு வருஷத்துக்கு மேல் பலர் நம்பினார்கள். 1980-களில்தான் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் ஆவணங்களோடு ஜேக்கப்ஸின் எழுத்துதான் என்று நிறுவினார்.

அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்தி வைத்த பகுதி ஒன்று உண்டு. முதலாளிக்கு இரையாகாமல் இருக்க, ஜேக்கப்ஸ் தானே வேறொரு வெள்ளைக்கார வக்கீலோடு உறவு வைத்துக்கொண்டார், ரெண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அதை மறைக்காமல் எழுதுகிறார். வெட்கப்படுகிறார், அதே சமயம் அடிமைப் பெண்ணை மற்றப் பெண்களின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்றும் வாதாடுகிறார். சுதந்திரமான தேர்வு என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் யாரிடம் போவது என்பதையாவது நான் முடிவு செய்தேன் என்று ஒரு பெண் 1861-லேயே அச்சில் சொல்லியிருக்கிறார். பாலியல் சுயமரியாதைங்கிற பேச்சு பெண்ணிய அலைக்கு அப்புறம் வந்ததுன்னு நினைக்கிறவங்க இதைப் படிக்கணும்.

மௌனம் ஒரு கவசம்

1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. பழி ஒழியவில்லை. வன்புணர்ந்த முதலாளிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதை கட்டியிருந்தார்கள்: கறுப்பினப் பெண் இயல்பிலேயே காமம் மிகுந்தவள், அவள்தான் மயக்குகிறாள் என்று. பைபிளில் வரும் ஜெசபெல் ராணியின் பெயரை அந்தப் பிம்பத்துக்கு வைத்தார்கள்.

இதற்குப் பதிலாகக் கறுப்பினப் பெண்கள் கையில் எடுத்தது மௌனம். உடை, நடை, பேச்சு எல்லாவற்றிலும் குறை சொல்ல இடம் கொடுக்காமல் வாழ்வது. வரலாற்றாசிரியர் டார்லின் கிளார்க் ஹைன் 1989-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குள் இருந்த தந்திரத்தை விளக்குகிறார்: வெளியே எல்லாவற்றையும் திறந்து பேசுகிற மாதிரி தெரியும், உள்ளே இருக்கும் வேதனையை யாருக்கும் காட்ட மாட்டார்கள். வேட்டையாடப்படுகிறவர்களுக்கு அது கவசம்.

கவசத்தைக் கழற்றவே முடியாமல் போனால் அதுவே கூடாகிவிடுகிறது. அம்மாவுக்கு நடந்தது மகளுக்குத் தெரியாது. பாட்டியின் நிறம் ஏன் வெளுப்பு என்று கேட்டால் பேச்சு மாறும். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் அவள் உடம்பே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிடும். வெட்கம் செய்தவனிடம் போகாமல், பாதிக்கப்பட்டவளின் வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும்.

அந்தக் கூட்டை முதலில் உடைத்தவர்களில் பாட்டுக்காரிகளைச் சொல்லணும். 1920-களின் ப்ளூஸ் பாடகிகள் மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் ஆசையை, ஏமாற்றத்தை, கோபத்தை ஒளிக்காமல் பாடினார்கள். ஏஞ்சலா டேவிஸ் 1998-ல் எழுதிய புத்தகத்தில் இதை அழகாக விளக்குகிறார். அடிமைமுறை போன பிறகும் வறுமை போகவில்லை, உரிமைகள் வரவில்லை. ஆனால் யாரைக் காதலிப்பது என்று தானே முடிவு செய்வது மட்டும் உண்மையிலேயே புதிதாகக் கைக்கு வந்த சுதந்திரம். அதனால்தான் அந்தப் பாட்டுகளில் காதலும் காமமும் அவ்வளவு நிறைந்திருக்கின்றன என்கிறார். எனக்கு இது பெரிய திறப்பு. மலிவான பாட்டுன்னு ஒதுக்கினதுக்குள்ள விடுதலையோட ருசி இருந்திருக்கு.

இன்னொரு பக்கம் நீதி கேட்டவர்கள். 1944-ல் அலபாமாவின் அபவில் ஊரில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிய ரீசி டெய்லரை வெள்ளை இளைஞர்கள் கடத்தி வன்புணர்ந்தார்கள். வெளியே சொன்னால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவர் சொன்னார். அதை விசாரிக்கப் போனவர் ரோசா பார்க்ஸ், பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த அதே ரோசா பார்க்ஸ்தான், அதற்குப் பதினோரு வருஷம் முன்னால். ரெண்டு முறை ஜூரி கூடியும் யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. 2011-ல்தான் அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. டெய்லருக்கு அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. டரானா பர்க் 2006-ல் தொடங்கிய 'மீ டூ' இயக்கம் இந்த நீண்ட வரிசையில் வந்ததுதான்.

கவிஞர் ஆட்ரி லார்ட் 1978-ல் வாசித்த கட்டுரை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒரு பெண் தன் உடலின் இன்பத்தை முழுசாக உணர்வது அவளுடைய ஆற்றலின் ஊற்று என்பது அவர் வாதம். அதை உணர்ந்தவள் வாழ்க்கையின் மற்ற இடங்களிலும் அரைகுறையானதை ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

எச்சில் குழாயிலிருந்து வரும் பதில்

இப்போ வம்சக் கேள்விக்கு வருவோம். 1870-க்கு முந்தைய அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது. முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். முன்னோரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1870-ல் போய் முட்டி நிற்கிறார்கள். அதனால்தான் ஒரு குழாயில் எச்சில் துப்பி அனுப்புகிற மரபணுப் பரிசோதனை அவர்களை அப்படி ஈர்க்கிறது.

ஆனால் அது கொண்டுவரும் பதில் ஒரு வகையில் கிஸ்ஸியின் கதையேதான். 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபணுவில் சராசரியாக 24 சதவீதம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்த ஐரோப்பிய முன்னோர்களில் ஆண்கள்தான் மிகப் பெரும்பான்மை. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தால், பெரும்பாலோருக்கு அது ஆப்பிரிக்காவைக் காட்டுகிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமோ, கணிசமான ஆண்களுக்கு ஐரோப்பாவைக் காட்டுகிறது.

1662-ன் சட்டம் அடிமைத்தனத்தைத் தாய்வழியாக இறக்கியது. அதே தாய்வழியில்தான் ஆப்பிரிக்காவின் தடயமும் அழியாமல் இறங்கி வந்திருக்கிறது.

இதை வைத்து 'நான் இன்ன இனக்குழு' என்று சொல்லிவிடலாமா? அங்கே நிதானம் வேணும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா சொல்வது அதில் ஒரே ஒரு பெண்ணின் கதை. மீதி 1,023 பேர் பற்றி அது வாய் திறக்காது. எழுத்தாளர் சைதியா ஹார்ட்மன் அடிமைப் பாதையைத் தேடி கானாவுக்கே போனார். அங்கே அவரை மக்கள் கூப்பிட்ட சொல் 'ஒப்ருனி', அதாவது அந்நியர். 2007-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். தாய் வீடு என்று நினைத்துப் போன இடத்தில் தாயை இழந்தவளாக நின்றதுதான் அதன் மையம்.

என் பார்வையில், அந்த 24 சதவீதத்தைப் பார்த்து ஒரு பெண் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது 'நான் எத்தனை பங்கு ஆப்பிரிக்கர்' என்பதை அல்ல. இந்த எண் யாருடைய வெட்கம் என்பதை. எல்லா உறவும் வன்முறையில் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மறுக்கிற உரிமையே இல்லாத ஒருத்தியின் 'சரி'யைச் சம்மதம் என்று எப்படிக் கணக்கில் வைப்பது? அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கிற பாட்டிக்கு அதில் எந்தக் களங்கமும் இல்லை. அவள் பிழைத்திருந்தாள், பிள்ளையை வளர்த்தாள், அதனால்தான் இன்றைக்கு ஒருத்தி எச்சில் குழாயோடு உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள்.

பாட்டியின் மீதிருந்த வெட்கத்தை இறக்கி வைக்கும்போது பேத்தியின் உடம்பு மேலிருந்தும் ஒரு சுமை இறங்குகிறது. ரெண்டு கேள்வியும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

'ஏழு தலைமுறைகள்' உங்க வீட்டு அலமாரியில இருந்தா மறுபடி எடுத்து, கிஸ்ஸி வர்ற அத்தியாயங்களை மட்டும் படிச்சுப் பாருங்க. உங்களுக்குத் தோணுறதை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.