கடாரத்துக்கு எந்தப் புத்தகம்?

அக்கா மகனுக்குப் பதினாறு வயது. போன பள்ளி விடுமுறையில் புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட உட்காருவதற்கு முன்பே கைப்பேசியை நீட்டினான். "மாமா, இதுல எத வாங்கறது? எல்லாத்தையும் வாங்கக் காசு இல்ல."

திரையில் இருபதுக்கும் மேற்பட்ட தலைப்புகள். எல்லாமே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகத்தைப் பற்றியவை. ஆடுகிறவர்கள் இவற்றை 'சோர்ஸ்புக்' என்பார்கள்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம் இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்ல, இருபது முகமுள்ள பகடை முடிவைச் சொல்லும். வென்றவர் தோற்றவர் கிடையாது. வாளை எப்படி வீசுவது என்று விதிநூல் சொல்லும். எந்த ஊரில், யாருக்காக, எதற்கு வீசுவது என்பதைச் சொல்வது சோர்ஸ்புக்.

அவனுக்கு நான் சொன்ன பதில்: 1987இல் வந்த முதல் பெட்டி. பெட்டியின் நிறத்தை வைத்துப் பழைய ஆட்கள் அதை 'சாம்பல் பெட்டி' என்பார்கள். கனடாவில் நூலகத்தில் வேலை பார்த்த எட் கிரீன்வுட் சிறு வயதிலிருந்தே தனக்காகக் கட்டி வந்த உலகம் அது. ஜெஃப் கிரப் கூட உழைத்து அதை நூலாக்கினார். தலா 96 பக்கத்தில் இரண்டு புத்தகங்கள், மடித்து வைத்த வரைபடங்கள், அவ்வளவுதான். அச்சுப் பிரதி கிடைப்பது அரிது, மின்னூலாக விற்கிறார்கள்.

பிறகு வந்தவை தடிமனானவை. 2001ஆம் ஆண்டு நூல் 320 பக்கம், உழைப்பும் அழகும் உள்ளது. ஆனால் அதைப் படித்த டிஎம்முக்கு ஒரு பயம் பிடித்துக்கொள்ளும். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் மேசையில் ஒருவன், "இல்லையே, 214ஆம் பக்கத்தில் வேற மாதிரி இருக்கே" என்பான். 2008இல் அந்த உலகத்தின் காலத்தையே ஏறக்குறைய நூறு ஆண்டு முன்னால் தள்ளி வைத்தார்கள். பல வருஷம் காசு சேர்த்து வாங்கியவர்களின் அலமாரி ஒரே நாளில் பழங்கதையானது. ஊரை இடித்துக் கட்டினால் கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சாம்பல் பெட்டியில் ஓர் ஊரைப் பற்றிய குறிப்பு மூன்று அடுக்காக இருக்கும். வழிப்போக்கன் கண்ணில் படுவது முதலில். அடுத்து எல்மின்ஸ்டர் என்ற கிழ மந்திரவாதி சொல்வது. கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வம்பு. கடைசியில் டிஎம்முக்கான ஆட்டத் தகவல். மூன்றும் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்த வேண்டியதில்லை. பொருந்தாத இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "நம்ம பக்கம் மாதிரி எதாவது இருக்கா மாமா?" என்றான்.

இருக்கிறது, குறைவாக. 1985இன் 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்' ஜப்பான், சீனாவோடு களைத்துவிட்டது. 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டாடல்' தொகுப்பில் தாய்லாந்துச் சாயலில் ஓர் இரவுச் சந்தைக் கதை உண்டு. பாசார் மாலாம் சுற்றி வளர்ந்த பிள்ளைக்கு அதில் எதையும் விளக்க வேண்டாம். நம் நாட்டு செடெக் சியூ எழுத, முன் காவ் வரைந்த 'எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' சிறுநூல் வரிசை இன்னும் நெருக்கம். ஒரு சிறுநூலுக்கு ஓர் ஊர். ஒன்றில் முதலைகளின் ராஜ்ஜியம். மெலிந்த புத்தகம், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இன்றைக்கு ராத்திரி ஆட்டத்துக்கு ஒன்று கிடைக்கும். நான் எந்த சோர்ஸ்புக்கையும் இந்த ஒரு சோதனையில்தான் எடை போடுவேன்.

ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்குக் கடையில் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஜூலை மாதம் ஊரே திரளும் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், செரோக் தோக்குன் பாறையில், பல்லவர் எழுத்தை ஒத்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. 1845இல் அதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ. அதற்கு முன், 1834இல், இதே செபராங் பிறையின் வடக்கே இன்னொரு கல்லையும் அவர் கண்டெடுத்திருந்தார். ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், தன் பயணம் நல்லபடி முடிய வேண்டிப் பொறித்து வைத்த கல் அது. சுமார் 1,500 ஆண்டுக்கு முந்தைய கப்பல் தலைவன், பேரோடும் ஊரோடும். இதைவிட நல்ல பாத்திரக் குறிப்பை எந்த எழுத்தாளர் தருவார்?

அதே லோ 1849இல் 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா'வை ஆங்கிலமாக்கினார். கெடாவின் பழங்கதை நூல். ரோம் இளவரசன் சீன இளவரசியை மணப்பதைத் தடுக்கிறேன் என்று சவால் விடும் கருடன், கெர்காசி என்னும் பூத மக்கள், கோரைப்பல் முளைத்த ராஜா பெர்சியோங். சமையல்காரியின் விரல் வெட்டுப்பட்டுக் கீரையில் ரத்தம் கலக்க, அந்த ருசிக்கு ராஜா அடிமையாகிறான். அவன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பது ஊர்ப்பேச்சு. குனோங் ஜெராய் அந்தக் கதையில் கடல் சூழ்ந்த தீவு. வரைபடம் போடுகிறவன் மலையைத் தீவாக வரைந்தாலே பாதி வேலை முடிந்தது.

இது வழிப்போக்கன் பார்வை. எல்மின்ஸ்டர் அடுக்குக்கு ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி. 1025 வாக்கில் நடந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை அது வரிசைப்படுத்துகிறது: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் எனத் தொடங்கி, நம் கெடாவான கடாரம் வரை பதின்மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அடைமொழி, அவ்வளவே. ஒன்றுக்குக் கடலே அகழி, ஒன்று மலைமேல் கோட்டை, ஒன்றைக் கலை கற்றோர் புகழ்கிறார்கள், மாநக்கவாரத்தின் சோலைகளில் தேன் சேர்கிறது. கொள்ளைப் பொருளில் வித்தியாதர தோரணம் என்று ஒரு வாயில். நான் பார்த்த ஊர்க்குறிப்புகளிலேயே மிகச் சிக்கனமானது இதுதான்.

மூன்றாவது அடுக்குக்கு 2009இல் சிங்கப்பூரில் வெளியான 'நாகப்பட்டினம் டு சுவர்ணத்வீபா' கட்டுரைத் தொகுப்பு. கல்வெட்டுகளை நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அதில் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். காசு இருந்தால் இதை வாங்கு என்றேன். அதைவிட மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போவது மலிவு. பக்கத்திலேயே புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. இரும்பு உருக்கிய சுங்கை பத்து களமும் தொலைவில்லை. இரும்பு விற்ற துறைமுகம் என்று தெரிந்ததுமே யார் யாருக்குப் பகை, எது எந்தக் கப்பலில் போகும் என்பதெல்லாம் தானாக வந்து விழும்.

மந்திரப் பொருள் வேண்டுமா? மணிமேகலையின் அமுதசுரபியும் சாவக நாட்டு ஆபுத்திரனும் இருக்கிறார்கள். தந்திரம் வேண்டுமா? மலாய்ப் பழங்கதை நூலான 'செஜாரா மெலாயு'வில் சீனா மீது படையெடுத்து வரும் ராஜா சூரனைத் திருப்பி அனுப்ப, பல் விழுந்த கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். கிளம்பும்போது நாங்கள் வாலிபர்கள், இந்த ஊசிகள் இரும்புக் கம்பிகளாக இருந்தன என்று அவர்கள் சொல்ல, அவ்வளவு தூரமா என்று படை திரும்பிவிடுகிறது. ஒரு முழு இரவு ஆட்டம் அதில் இருக்கிறது.

சாண்டில்யனின் 'கடல் புறா'வை மட்டும் வேண்டாம் என்றேன். பையனின் தாத்தா விடிய விடியப் படித்த நாவல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே நாயகன் கருணாகரத் தொண்டைமான் எல்லாவற்றையும் செய்துவிடுகிறான், மேசையில் உட்காரும் நாலு பேருக்கு மிச்சம் வைப்பதில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸுக்கும் இதே நோய் உண்டு. 1988இல் நாவலில் அறிமுகமான டிரிஸ்ட் என்னும் வீரன் எந்த ஊரிலும் நமக்கு முன்பே வந்து நிற்பான்.

"அப்ப நான் சோழ சேனாதிபதி" என்றான்.

யோசித்துப் பார் என்றேன். மெய்க்கீர்த்தி அந்தப் பக்கத்தை ஏற்கெனவே நிரப்பிவிட்டது. பிடித்த யானைகள், கொள்ளையிட்ட வாயில் என்பது வரை அதில் உண்டு. அன்று கடாரத் துறையில் மூட்டை தூக்கியவன், வரி எழுதிய கணக்கன், நாகப்பட்டினத்திலிருந்து வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வியாபாரி, இவர்கள் யாரும் அதில் இல்லை. அந்த வியாபாரிக்கு வருகிற கப்பலின் மொழியும் புரியும், எரியப்போகிற கிட்டங்கியும் அவனுடையது. மலேசியாவில் தமிழனாக வளர்ந்தவனுக்கு அவனை நடிக்கப் பயிற்சி தேவையா என்ன?

சனிக்கிழமை அவன் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு பள்ளி நோட்டு, கையால் போட்ட வரைபடம், அதில் ஜெராய் ஒரு தீவு. அவனே டிஎம். ராத்திரி, அலை இல்லை, மலை உச்சியில் வழக்கமாக எரியும் தீ இன்றைக்கு எரியவில்லை என்று ஆரம்பித்தான். வியாபாரியாக உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை, "நான் கேட்கிறேன். துடுப்புச் சத்தம் வருதா?" என்றாள்.

பகடை உருண்டது. பதினேழு.

"வருது," என்றான். "பாட்டும் வருது. உனக்குத் தெரிந்த பாட்டு."

அவள் மற்ற மூவரையும் பார்த்தாள். பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.