பட்டியலில் இடம்பெறாத தள்ளாட்டம்

புதுதில்லி: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் எண்ணிக்கை 21 ஆக உயர்ந்தது. செவித்திறன் குறைபாட்டுக்கு அதில் இடமுண்டு. அதே உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் செயலிழப்புக்கு இல்லை.

உட்செவியின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்தால், படுக்கையில் புரண்டாலே தலை சுழலும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் 'எப்லி' முறை பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளாலோ நோயாலோ சமநிலை உணர்வின் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்தவர்களுக்கு, சுழற்சி நின்ற பின்னரும் இருட்டில் தள்ளாட்டம் தொடரும்.

அட்டவணையில் புதிய குறைபாட்டைச் சேர்க்கத் தனி மசோதா தேவையில்லை. மத்திய அரசின் அறிவிக்கையே போதுமானது.